வைலே வயலில் கடைசி ஒளித்துப்பிடி

என் தோழி அபி கனடாவுக்குப் போகிறாள், குடும்பத்தோடு, நிரந்தரமாக. வியாழக்கிழமை பில்லுண்ட் விமான நிலையத்திலிருந்து விமானம். அதனால் மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நானும் அவளும் கடைசித் தடவையாக டென்மார்க்கின் வைலே நகருக்கு வெளியே மஞ்சள் வயலுக்குப் போனோம். நாலாம் வகுப்பிலிருந்து வருடம் தவறாத பயணம் இது.

மஞ்சள் என்றால் ராப்ஸ் என்ற எண்ணெய்ப் பயிர். கடுகுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் விதைத்தால் பனிக்காலம் முழுக்க நிலத்தோடு ஒட்டிக் கிடந்து, மேயில் எங்கள் தலைக்கு மேலே பூக்கும். பயிரை மிதிக்கக் கூடாது என்பதால் உழவு இயந்திரம் போன தடத்துக்குள் மட்டும் ஒளித்து விளையாடுவோம். இரண்டு பக்கத்துப் பூவும் சாய்ந்து மூடிவிடும். திரும்பி வரும்போது தலை, மூக்கு, காற்சட்டை எல்லாம் மகரந்தம். செலவில்லாத மஞ்சள் நீராட்டு. ஒரு வருடம் அபி ஒளித்துக் கிடக்க, நான் தேடாமல் போய் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்தேன். அவள் அதை இன்னும் மறக்கவில்லை.

இந்த முறை என் திட்டம் வேறு. அவள் கண்டுபிடிக்கவே முடியாதபடி ஒளித்து, திரும்பிப் போகும் 4.20 ரயிலைத் தவறவிட வைப்பது. அடுத்தது 5.20. ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் கிடைக்கும். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, குறும்புதான் வரும்.

எங்கள் ஊரான பிரெடெரிசியாவில் 12.10 ரயிலில் சைக்கிள்களோடு ஏறினோம். வைலே வரை இருபது நிமிடம் கூட இல்லை. அங்கிருந்து ஒன்பது கிலோமீற்றர் சைக்கிள். முதல் மூன்று கிலோமீற்றர் ஏற்றம். டென்மார்க் தட்டையான நாடு என்று எழுதியவர்கள் வைலேயில் இறங்கிப் பார்க்கவில்லை.

ராப்ஸை ஒரே நிலத்தில் அடுத்தடுத்த வருடம் போடமாட்டார்கள். ஆகவே நீல்ஸ் என்ற விவசாயியின் கதவைத் தட்டி, இந்த வருடம் எந்த வயல் என்று கேட்பதும் விளையாட்டில் ஒரு பகுதி. அவர் டெனிஷில் சொன்னதை எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன்.

"ராப்ஸ் இல்லை பிள்ளையள். போன ஆகஸ்ட் முழுக்க மழை, விதைக்கிற காலம் தப்பிப் போச்சு. செப்டெம்பரில கமெலினா போட்டனான், அதுவும் எண்ணெய் விதைதான்."

"கமெலினாவோ? ஆரோ கமலா மாமியின்ர மகள் மாதிரிக் கிடக்கு" என்றேன் அபியிடம் தமிழில்.

வீட்டுக்குப் பின்னால்தான் வயல். மெல்லிய தண்டு, வெளிறிய குட்டிப் பூ, உயரம் எங்கள் தொடையளவு. தடங்கள் வெட்டவெளியாகத் தெரிந்தன. இதற்குள் ஒரு முயல் ஒளிக்கலாம்; நான் ஒளிக்க முடியாது.

நீல்ஸுக்கோ பெருமை. பிந்தி விதைத்தாலும் குளிரைத் தாங்குமாம். நிலம் மாரியில் வெறுமையாகக் கிடக்காததால் உரம் கழுவப்பட்டுப் பியோர்டு என்ற கடற்கழிக்குள் போவது குறையுமாம்.

"எண்ணெய் என்னத்துக்கு?" என்று அபி கேட்டாள்.

"லொறிக்கு டீசலாப் போகும். விமானத்துக்கும் எரிபொருள் செய்யினம்."

"அப்ப நான் இதிலதான் பறக்கப்போறன்!"

"இது ஜூலையிலதான் அறுவடை. நீ எப்ப போறாய்?"

"வியாழக்கிழமை."

"அப்ப ஜூலை வரைக்கும் நில்லடி" என்றேன்.

பகிடியாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் ஒத்துழைக்கவில்லை. நீல்ஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அபி என்னைப் பார்க்கவில்லை. வேலிக் கம்பத்தில் முகத்தை வைத்து, "ஒண்டு, ரெண்டு..." என்று எண்ணத் தொடங்கினாள்.

"எடியே, இதுக்குள்ள எங்க ஒளிக்கிறது?"

"மூண்டு. அது உன்ர பிரச்சினை. நாலு."

ஓடினேன். தடத்தின் நடுவில் சிவப்பு ஜக்கெற்றோடு நீட்டி நிமிர்ந்து படுத்தேன். வானத்தில் ஒரு விமானம் போனது. அதற்கு நாக்கை நீட்டினேன். எண்ணி முடிந்த பிறகும் காலடிச் சத்தம் இல்லை. ஐஸ்கிரீமுக்குப் பழி வாங்குகிறாளோ?

தலையைக் கொஞ்சம் தூக்கினேன். பத்தடி தள்ளி, அதே தடத்தில், நேரே என்னைப் பார்த்தபடி நின்றாள்.

"எங்கயடி போயிட்டாய்? காணேல்லையே!" என்று கத்திவிட்டு மறுபக்கம் திரும்பி நடந்தாள்.

அப்படியே வயலை மூன்று தரம் சுற்றினாள். ஒவ்வொரு தரமும் என் காலடிக்கு வந்து, "இஞ்சையும் இல்லை" என்று திரும்பினாள். மூன்றாம் தரம் அவள் குரலும் ஒத்துழைக்கவில்லை. நான் எழும்பவில்லை. 4.20 ரயில் எங்களை விட்டுவிட்டுப் போனது.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் பாதி நல்லது. கேட்டுவிட்டு இறங்குங்கள், தடத்துக்குள் மட்டும் நடங்கள். நீல்ஸின் வாசல் மேசையில் போன வருட ராப்ஸ் தேன் போத்தல் ஐம்பது குரோனர். பறக்கப்போகிறவர்கள் கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் வையுங்கள், அபி வைத்ததுபோல. கமெலினாவுக்குள் யாராலும் ஒளிக்க முடியாது. தேடுகிற ஆள் அபி என்றால் மட்டும் முடியும்.