நெமிலிச்சேரியில் ஒரு பந்தயப் படகு

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி எங்கள் தெருவுக்கு வழி கேட்டால், "போட்டு நிக்கிற தெருவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பத்து வருஷம் எங்கள் விலாசம் அதுதான். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிற தெரு அது. அங்கே வேம்புலி வீட்டு வாசலில் நின்ற அந்த 'போட்டு' ஒரு பந்தயப் படகு.

வேம்புலி ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் பக்கத்து வீட்டுக்காரன். எண்பத்தாறில் எண்ணூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு கிளப்பின் சாமான்களை ஏலம் விட்டபோது, வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு துரை பந்தயம் ஓட்டிய அந்தப் படகை எடுத்து வந்தான். மகாகனிப் பலகை, ஆறு சிலிண்டர் எஞ்சின், கூர்மூக்கு. பலகையில் பாதி உளுத்திருந்தது. எஞ்சினுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கண்ணுள்ளவன் எவனும் இதை வாங்கமாட்டான் என்று நானே அவனிடம் சொன்னேன்.

"கண்ணு கீறவன்தான் வாங்குவான் மாமே" என்றான்.

தடிமனான சால் மரக் கட்டைகளைக் கோத்து ஒரு தாங்கு செய்து, படகை அதன் மேல் ஏற்றி வைத்தான். அன்றே தெருவின் வாய் திறந்துகொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எல்லோரையும் விட அதிகமாக எரிந்தவர் தெரு நலச் சங்கத் தலைவர் பரந்தாமன். ஊர் ஏரிக்குக் கீழே இருந்த வயலெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்துச் சொத்து. வேம்புலியின் அப்பா அதில் கூலிக்கு உழைத்தவர். வயல் மனைகளாகி இரண்டு குடும்பமும் ஒரே தெருவில் வந்து விழுந்ததை அவரால் செரிக்க முடியவில்லை.

"உங்கப்பன் அந்த ஏரில சேறு வாரினவன். புள்ள போட்டு வுடப் போறானாம்" என்றார் ஒரு நாள், நாலு பேர் கேட்க.

"எங்கப்பன் வாரலன்னா உன் ஏரில இன்னா நைனா நிக்கும்? தண்ணியா?" என்றான் வேம்புலி. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவில்லை, சங்கத்தில் நானும் உறுப்பினர்.

ஆனால் முதல் தடவை அவன் புத்தியே அவனைக் கவிழ்த்தது. டாங்கியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உளுத்த பலகைகளை மாற்றியதும், அந்தப் பழக்கத்தில் பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கையெல்லாம் இரும்புக்குப் போடுகிற கெட்டிப் பசையால் இறுக அடைத்துவிட்டான். தொண்ணூறு ஐப்பசியில் மழைத் தண்ணீர் தெருவிலேயே தேங்கி நின்றது. அதில் ஊறிய பலகைகள் பருத்தன. பருக்க இடமில்லாமல் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, உள்ளே இருந்த விலா மரங்களை முறித்துப் போட்டன. அந்தச் சத்தம் என் வீட்டுக்குள் கேட்டது.

வேறு யாராவது இருந்தால் அன்றே விறகுக்கடைக்காரனைக் கூப்பிட்டிருப்பான். வேம்புலி மறுநாள் பசையைச் சுரண்ட உட்கார்ந்தான். விலா மரங்களை ஒவ்வொன்றாக மாற்றினான். அவன் மனைவி நாகவல்லி எஞ்சின் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம்மிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொடுத்து எஞ்சினை முடுக்கினால், அடுத்த ஸ்டேஷன் பட்டாபிராம் வரை கேட்கும். சங்கத்துக்குப் புகார் போகும். அடுத்த ஞாயிறும் முடுக்குவான்.

இந்த முறை பலகைகளுக்கு நடுவே இடம் விட்டு, பருத்தித் திரியை மட்டும் மெத்தென்று அடைத்தான். படகுக்குள் உட்கார்ந்தால் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாக விழுந்தது.

தொண்ணூற்றாறில் வைகாசிக் கடைசியில் பேய்மழை பெய்து ஏரி நிரம்பியது. ஆடி பிறந்ததும் பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது பற்றிச் சங்கம் கூடியது.

"இந்த வருசம் வெறகு வாங்க வாணாம். வழிய அடைச்சிகினு வாசல்ல ஒண்ணு நிக்கிது பாரு" என்றார் பரந்தாமன்.

வேம்புலி எழுந்தான். "மெதக்கலன்னா நானே பொளந்து தரேன். மெதந்துச்சின்னா?"

பரந்தாமன் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

திங்கட்கிழமை டிராக்டரில் தாங்கோடு படகு ஏரிக்குப் போனது. தெருவே பின்னால் போனது. எஞ்சினைக் கரையிலேயே வைத்துவிட்டு, வெறும் படகைத் தண்ணீரில் இறக்கினான். எல்லா இடுக்கிலிருந்தும் தண்ணீர் பீறிட்டு ஏறியது. இடுப்பளவு ஆழத்தில் படகு தரை தட்டி உட்கார்ந்துவிட்டது. கரையில் ஒரே சிரிப்பு. பரந்தாமன் கையோடு கோடாலி ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்.

வேம்புலி தண்ணீரில் நின்றபடியே சொன்னான்: "பத்து வருசமா வெயில்ல காஞ்ச மரம். தண்ணி குடிக்கிது. குடிக்கட்டும்."

"எத்தினி நாளிக்கிடா குடிக்கும்?" என்றார் பரந்தாமன்.

"கூழுக்கு அடுப்பு என்னிக்கு மூட்ற?"

"சனிக்கெயம சாயங்காலம்."

"அன்னிக்கி வா."

நாகவல்லி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, புருஷன் பக்கத்தில் நின்றாள். "கோடாலி மொதல்ல எங்க மேல வியணும். அப்பால போட்டு மேல" என்றாள். ஆட்கள் பரந்தாமனைப் பார்த்தார்கள். பரந்தாமன் வீட்டைப் பார்த்து நடந்தார்.

அந்த வாரம் முழுக்க இருவரும் கரையை விட்டு நகரவில்லை. சோறு என் வீட்டிலிருந்து போனது. விலா மரம் மறுபடி முறிந்தால் இன்னொரு தடவை மாற்ற அவனிடம் தெம்பில்லை, எனக்கு அது தெரியும். அவன் பலகையில் காதை வைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பயமாக இருந்தது. அவனுக்கும் பயம்தான், முகத்தில் காட்டவில்லை.

முறியும் சத்தம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் பக்கெட்டால் இறைக்க ஆரம்பித்தோம். இறைத்த தண்ணீர் திரும்ப ஏறவில்லை. பலகைகள் பருத்து, திரியைக் கவ்விக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் படகு அசைந்தது, பிறகு மிதந்தது. மூன்று கழிகளை முக்காலியாகக் கட்டி, சங்கிலியில் எஞ்சினைத் தொங்கவிட்டு இறக்கி மாட்டினான். பொழுது சாய்கிற நேரத்தில் பரந்தாமன் ஆட்களோடு வந்தபோது, நாகவல்லி முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

எஞ்சின் உறுமியதும் கரையில் இருந்த கொக்கெல்லாம் எழுந்தன. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அவன் அப்பா சேறு வாரிய அந்த ஏரியைக் கரைக்குக் கரை சுற்றினான். அலை வந்து பரந்தாமனின் வேட்டியை முழங்கால் வரை நனைத்தது. எனக்கு அழுகை வந்தது, அதோடு விசிலும் அடித்தேன்.

படகைக் கரையோரம் கட்டிவிட்டு வேம்புலி கரைமேட்டில் கிடந்த தாங்கிடம் போனான். பத்து வருஷம் படகைச் சுமந்த அந்தக் கட்டைகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் பரந்தாமனின் காலடியில் கொண்டு வந்து போட்டான்.

"வெறகு கேட்டியே நைனா, எடுத்துக்கோ. என் போட்டுக்கு இனிமே தரை தேவையில்ல."

அந்தக் கட்டைகளில்தான் அம்மன் கூழ் கொதித்தது. சால் மரம், நின்று எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தேன்.