ஒரே பானை

புது மண்பானைத் தண்ணீருக்கு ஒரு மணம் உண்டு. முதல் மழை விழுந்த மண்ணின் மணம்... கண்டியின் காலைக் குளிரில் அதைக் குடித்தால் பல் கூசும்.

நம் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பள்ளியின் பழைய நாட்களை எழுதச் சொன்னீர்கள், தோழிகளே. உங்களில் பலர் இந்தப் புதுக் கட்டடத்துக்கு வந்தபின் சேர்ந்தவர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மணந்தான். கரும்பலகைக்கு முன்பே பள்ளிக்கு வந்தது பானை.

அப்போது பள்ளிக்கூடம் ஓர் அரிசிக் கடையின் மேல்மாடி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரிய டீச்சர் தனியாகத் தொடங்கியது. முதல் நாள் நாங்கள் ஒன்பது பிள்ளைகள். எங்கள் தாய்மாரையும் நிறுத்திவைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"இஞ்ச எல்லாருக்கும் ஒரு பானைதான். அதில குடிக்க மனமில்லாட்டில் பிள்ளையை இப்பவே கூட்டிக்கொண்டு போங்கோ. பிறகு வந்து என்னோட கதைக்க வேண்டாம்."

இரண்டு தாய்மார் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கண்டியில் தங்கிப் படிக்க வந்த மூன்று பிள்ளைகள் எங்களோடு நின்றார்கள். எங்கள் வீடுகளில் வாசல் தாண்ட விடாத சாதி.

என் அம்மா மட்டும் ஏனோ என் கையைப் பிடிக்கவில்லை.

மிச்சம் ஏழு பேர். பள்ளியின் சரித்திரம் அந்த ஏழிலிருந்து தொடங்குகிறது.

தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மாடிக்குக் கொண்டுவர முறை வைத்திருந்தோம். திங்கட்கிழமை பெரிய டீச்சரே தூக்குவார். புதன்கிழமை நானும் பாக்கியமும். அந்த மூன்று தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருத்தி அவள். வாளியின் பிடியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு ஏறுவோம். பாதித் தண்ணீர் என் பாவாடையில்தான்.

"நேரா நட புள்ள. தண்ணி ஒனக்குக் குளிக்கவா, எங்களுக்குக் குடிக்கவா?" என்பாள்.

கணக்கில் அவளை யாரும் முந்தியதில்லை. படித்து டீச்சராகித் தன் தோட்டத்துக்கே திரும்பிப் போவது அவள் எண்ணம். "கங்காணி மகளும் எங்கிட்டதான் கைய நீட்டி அடி வாங்கணும்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் போவாள் என்றே நான் நம்பியிருந்தேன்.

பிறகு மேல்மாடிச் சுவர் வெடிப்பு விட்டது; கூரையும் ஒழுகியது. மழை பெய்தால் வகுப்புக்குள் குடை பிடித்தோம். கடைக்காரரும் இடத்தைத் திருப்பிக் கேட்டார். அந்த நேரத்தில்தான் ஒரு முதலாளி கட்டடம் தருவதாகப் பள்ளியைப் பார்க்க வந்தார். பெரிய டீச்சர் அவருக்கு எங்கள் பானையில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

"வேணாங்க டீச்சர். இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார் முதலாளி. நெற்றியெல்லாம் வியர்வை.

புதுக் கட்டடத்துக்குப் போன முதல் நாள் விறாந்தையில் இரண்டு பானைகள் இருந்தன. பழையது ஒரு மூலையில். புதியது பித்தளை மூடியோடு மறுமூலையில். யாருக்கு எது என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் முறைத் தாளில் மட்டும் மூன்று பெயர்கள் இல்லை.

பாக்கியம் தாளை இரண்டு தரம் வாசித்தாள்.

"நல்லதாப் போச்சு. வாளி தூக்குற வேல மிச்சம்" என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

அவர்கள் மூவரும் தாங்களாகவே பழைய பானைக்குப் போனார்கள். நான் இரண்டிலும் குடிக்காமல் மாலை வரை தாகத்தோடு இருந்து, வீட்டுக்குப் போய்க் குடித்தேன். பல நாள் அப்படித்தான். அதைத் துணிவு என்று நினைத்துக்கொண்டேன்...

பரிசளிப்பு விழா வந்தது. பள்ளியின் சரித்திரத்தை எழுதி வாசிக்கும் பொறுப்பு எனக்கு. மேல்மாடியில் இருந்தபோதே நான் எழுதி, பெரிய டீச்சர் மெச்சிய கட்டுரை அது. 'இங்கே எல்லாருக்கும் ஒரே பானை. அதுவே எங்கள் நோக்கம்' என்று அதில் ஒரு வரி இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"டீச்சர், இந்த வரிய வெட்டிரட்டுமா?"

அவர் தாளை வாங்கி அந்த வரியை மட்டும் வாசித்தார். "ஏன் பிள்ளை வெட்டவேணும்? அதுதானே எங்கட நோக்கம். வாசியும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வாசித்தேன். அந்த வரிக்கு வந்தபோது குரல் நடுங்கும் என்று பயந்தேன். நடுங்கவில்லை. மண்டபம் முழுதும் கைதட்டியது. முன்வரிசையில் முதலாளி எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினார். கடைசி வரிசையில் பாக்கியம் மடியில் கைகளை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையை விட்டு இறங்கினேன். நாக்கு வறண்டிருந்தது. யாரோ ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார்கள். பித்தளை மூடிப் பானையின் தண்ணீர்.

குடித்துவிட்டேன். பாக்கியம் அதையும் பார்த்தாள்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்தார். கலஹா பஸ்ஸில் அவள் ஏறும்போது நானும் நின்றேன். "லீவுக்குத்தானே போற?" என்று கேட்டேன்.

"கொழுந்து எடுக்கப் போறேன்" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, "நீ நல்லாத்தான் வாசிச்ச புள்ள" என்றாள்.

மற்ற இருவரும் அந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் போய்விட்டார்கள்.

அன்று ஒழுகும் கூரைக்குக் கீழே ஏழு பேர். இன்று ஓட்டுக் கூரை, கண்ணாடி அலுமாரி நிறையப் புத்தகங்கள், இருக்கக் கதிரை போதாத அளவுக்குப் பிள்ளைகள். மண்டபச் சுவரில் என் வரியைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். நீங்கள் தினமும் பார்ப்பதுதான்.

அது பொய் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பழைய பானையில் குடிக்க ஆளில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள்.

இப்போது நம் பள்ளியில் எல்லாருக்கும் ஒரே பானைதான்.