விமான நிலையத்தில் கூப்பிட்ட பெயர்

கல்முனைக்குடி அச்சிமுகம்மதுவின் மூன்றாவது மகள் நஸீறா, 1980ஆம் ஆண்டு ஜனவரியில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. மூத்த இருவருக்கும் ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்து முடித்தபோது, கரைவலை இழுத்த வாப்பாவின் உடம்பில் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. வீடில்லாத பெண்ணை இந்த ஊரில் எவரும் கேட்டு வருவதில்லை. தன் வீட்டுக்கான கல்லையும் சீமெந்தையும் அவளேதான் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

புறப்படுமுன், பெரியவாப்பாவின் மகன் ஜவுபர் ஒரு கொப்பித் தாளில் பதினான்கு நம்பரிட்டு எழுதிக் கொடுத்தான். இரண்டு தரம் சவூதிக்குப் போய் வந்தவன். மூன்றாவது: பாஸ்போட்டை எவரிடமும் கொடுத்து வைக்காதே. ஐந்தாவது: இடையில் பிளேன் மாறும்போது பெட்டியைத் தேடாதே, அது தானாக வரும். ஆறாவது: கதவு நம்பரைக் கேட்டு அதன் முன்னால் இரு, இடம் மாறாதே. ஒன்பதாவது: பேர் கூப்பிட்டால் உடனே எழும்பிப் போ. பதினோராவது: பிளேன் பிந்தும், பயப்படாதே.

போகும்போது எட்டுப் பெண்களோடு கூட்டமாகப் போனதால் அந்தத் தாளுக்கு வேலை வரவில்லை. திரும்பும்போதுதான் தனியாக வந்தாள்.

1982 மார்ச் 10, புதன்கிழமை தந்தி கிடைத்தது. வாப்பாவுக்குக் கடுமை, உடனே வா. வீட்டுக்காரி மறுநாளைக்கே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளி காலை ஊரில் நிற்பேன் என்று நஸீறா பதில் தந்தி அடித்தாள்.

வியாழன் காலை பதினொன்று பத்துக்கு, பிளேன் மாற வேண்டிய நகரத்தில் இறங்கினாள். கொழும்புப் பிளேன் இரண்டு இருபதுக்கு. ஏழாம் கதவு என்று ஒருத்தி விரலைக் காட்டிச் சொன்னாள். ஏழாம் கதவின் முன்னால் போய் இருந்தாள். ஒரு மணிக்குப் பிறகு பலகையில் எழுத்துகள் புரண்டன, ஒலிபெருக்கி ஏதோ சொன்னது, அங்கிருந்த பலர் எழுந்து பன்னிரண்டாம் கதவுப் பக்கம் போனார்கள். அவள் படித்திருந்த அறபு அடுப்படி அறபு. தாளை எடுத்துப் பார்த்தாள். இடம் மாறாதே என்றிருந்தது. மாறவில்லை.

பக்கத்தில் மட்டக்களப்புக் கனகரெத்தினம் இருந்தார். வேலை முடிந்து பம்பாய் வழியாக ஊர் போகிறவர். தனியாகப் பிளேன் மாறுவது அவருக்கும் இதுதான் முதல் தரம். வாப்பாவுக்குக் கடுமை என்று தந்தி வந்ததை அவரிடம் சொல்லியிருந்தாள்.

இரண்டு மணி ஐந்துக்கு ஒலிபெருக்கியில் ஒரு பெயர் வந்தது. அச்சிமுகம்மது. இழுத்து, உடைத்து, ஆனால் அதே பெயர். நஸீறா திடுக்கிட்டு நாலு பக்கமும் பார்த்தாள்.

"அண்ணன், நம்மட பக்கத்து ஆள் ஒருத்தர் இஞ்ச இரிக்கார் போல. கூப்பிடுறாங்க."

"ஓம் தங்கச்சி, நானும் கேட்டன். இந்தா, மறுகாவும் கூப்பிடுறாங்க."

"எங்கட வாப்பாட பேரும் இதான்."

"அப்ப நல்ல சகுனம். வாப்பா சுகமாயிருவார், பயப்படாத." மூன்றாம் தரமும் பெயர் வந்தபோது அவர் காலை நீட்டிக்கொண்டார். "மனிசன் கடை சுத்துறார் போல. பொஞ்சாதிக்கு சென்ற் போத்தல் பாக்கிறாராக்கும். பிளேன் போனாப் பிறகு மணத்திக்கிட்டு நிக்கட்டும்."

நஸீறா சிரித்துவிட்டாள். தந்தி வந்த நேரத்திலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

ஊரில் தகப்பன் பெயரை முன்னால் எழுதுவார்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். டிக்கெட் எழுதுகிறவனோ தகப்பன் பெயரையே ஆளின் பெயராக எடுத்துக்கொள்வான். ஜவுபருக்கும் இது தெரியாது. அவனை எந்த விமான நிலையத்திலும் எவரும் பெயர் சொல்லித் தேடியதில்லை.

மூன்று மணிவரை பிளேன் பிந்துகிறது என்றே இருந்தாள். பிறகு டிக்கெட்டைக் கொண்டுபோய் மேசையில் இருந்தவனிடம் காட்டினாள்.

"அச்சிமுகம்மது நீதானா?" என்று அவன் அறபியில் கேட்டான்.

"இல்லை, அது என் வாப்பா. நான் நஸீறா."

அவன் டிக்கெட்டைத் திருப்பி, முதல் பெயரில் விரலை வைத்தான். பிளேன் போய் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது என்றான். அடுத்தது சனிக்கிழமை.

ஞாயிறு காலை எட்டே காலுக்குக் கல்முனையில் பஸ்ஸால் இறங்கினாள். தம்பி மசூர் நின்றான்.

"வாப்பா எப்பிடி?"

"வெள்ளி பதினொண்டு நாப்பதுக்கு மௌத்து ராத்தா. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கிட்டம்." பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "விடியச் சாமம் துவங்கி உன்னத்தான் கேட்டார். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் என்னய அனுப்பினார்."

அந்தப் பிளேனில் ஏறியிருந்தால் வாப்பாவோடு மூன்று மணித்தியாலம் இருந்திருப்பாள். வழியெல்லாம் அதையே கணக்குப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கணவன் இறந்ததால் பிற ஆண்கள் கண்ணில் படாமல் உம்மா இத்தாவில் இருந்த அறை வாசலில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஜவுபர் வெளி விறாந்தையில் நின்றபடியே கேட்டான்.

"பேர் கூப்பிட்டா உடனே எழும்பிப் போ எண்டு எழுதித் தந்தேனே கா. கூப்பிடல்லயா?"

"கூப்பிட்டாங்க காக்கா."

"அப்ப என்ன செஞ்ச நீ? நித்திரையா?"

கூப்பிட்டது வாப்பாவின் பெயரை என்று சொன்னால், அதைக் கேட்டு என்ன செய்தாய் என்ற கேள்வியும் வரும், சிரித்தேன் என்று சொல்ல வேண்டும். அறைக்குள் உம்மா காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றாள் நஸீறா. "நித்திரை."

வாசலில் இருந்த அயல் வீட்டுக் கைருன்னிஸா பக்கத்துப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "வாப்பா உயிர் போற சக்கராத்தில, மகள் நித்திரையில."

அன்று பின்னேரத்துக்குள் அது கடற்கரைவரை போய்விட்டது. நஸீறா அதை எவரிடமும் மறுக்கவில்லை.