வெக்ஸ்போர்டில் கயிலாயம்

மில்லிக்கன் பிளாசாவில் பேத்திக்கென்று எடுத்த சொக்லேட் பெட்டியின் மூடியில் ஒரு பனிமலை. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. காசு வாங்கிய பிள்ளை, "அங்கிள், ஓகேயா?" என்று கேட்டுவிட்டாள்.

எழுபதுகளில் நானும் ஊரிலிருந்து புதிதாக வந்த ரத்தினமும் டொரொன்டோவின் வெக்ஸ்போர்டில் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்தோம். மேலே வீட்டுக்காரர் பெப்பே, இத்தாலி மொழிக்காரர். மனைவி ட்ரூடி, ஜெர்மன் மொழிக்காரி. ஆல்ப்ஸில் ஒரே மலையின் இரண்டு பக்கத்து ஊர்க்காரர்கள். அங்கே ஒருவரையொருவர் கண்டதே இல்லை. காதலிக்க டொரொன்டோ பஸ் தரிப்புக்கு வரவேண்டியிருந்தது, பாருங்கள்!

வரவேற்பறையில் ஒரே ஒரு ஆணி. பெப்பே தன் ஊரிலிருந்து தெரிகிற மலையின் படத்தை மாட்டுவார். ட்ரூடி அதைக் கழற்றித் தன் பக்கத்து மலையை மாட்டுவார்.

"அது மலையின்ரை முதுகு!" என்பார் பெப்பே.

"உம்முடையதுதான் முதுகு!" என்பார் ட்ரூடி.

மலைக்குப் பெயரும் ஆளுக்கொன்று. ஒரு வெள்ளிக்கிழமை சண்டை முற்றி, ட்ரூடி இரண்டு படங்களையும் கொண்டுவந்து எங்கள் படியடியில் போட்டுவிட்டு, மொன்றியலில் இருக்கும் தங்கையிடம் போகப் பெட்டி கட்டத் தொடங்கினார். அவர் போனால் அது ஒரு வீடா? அவருடைய ஆப்பிள் கேக்கையும் நினைத்துக் கவலைப்பட்டேன், பொய் சொல்வானேன்.

வேலையால் வந்த ரத்தினத்துக்கு இதொன்றும் தெரியாது. படங்களைக் கண்டு பதறிப்போனான்.

"என்ன அண்ணை, கயிலாயத்தை நிலத்திலை வைச்சிருக்கிறியள்!"

நான் வாய் திறக்குமுன் இரண்டும் சாமித்தட்டில் ஏறிவிட்டன. பெப்பேயின் மலைக்கு விபூதிப் பட்டை, ட்ரூடியின் மலைக்குக் குங்குமம், முன்னால் ஒரு கட்டு ஊதுபத்தி.

புகையைக் கண்டு வீடு எரிகிறதென்று இருவரும் பாய்ந்திறங்கினார்கள். ட்ரூடியின் கையில் பெட்டி.

"என்ரை மலைக்கு ஏன் சிவப்பு?" என்றார் ட்ரூடி.

"அது அம்மன் பக்கம். மற்றது சிவன் பக்கம்," என்று தனக்கு வந்த ஆங்கிலத்தில் விளக்கினான் ரத்தினம். "ரெண்டும் ஒரே உடம்பு. பிரிக்கேலாது."

ட்ரூடி பெப்பேயைப் பார்த்தார். "அப்ப முதுகு ஆருடையது?"

பெப்பே வெடித்துச் சிரித்தார். ட்ரூடி பெட்டியின் மேலேயே குந்திக் கண்ணீர் வரச் சிரித்தார். ரத்தினம் மட்டும், "சாமிக்கு முன்னாலை என்ன சிரிப்பு?" என்று முறைத்தான். அன்றைக்கே சுவரில் இரண்டாவது ஆணி ஏறியது. விபூதியையும் குங்குமத்தையும் துடைக்க ட்ரூடி கடைசிவரை விடவில்லை.

ட்ரூடி இறந்து கொஞ்ச நாளில் பெப்பேயைப் பார்க்கப் போனேன். சுவரில் குங்குமம் வைத்த மலை மட்டும் இருந்தது.

"உங்கடை மலை எங்கை?"

"அது எனக்கு மனப்பாடம். இவளின்ரை பக்கத்தைத்தான் நான் ஒழுங்காப் பார்க்கேல்லை."

இப்போது பெப்பே இல்லை. வீட்டையும் இடித்துவிட்டார்கள். சொக்லேட் மூடியை வைத்துக்கொண்டு பார்க்கிறேன். இது எந்தப் பக்கம் என்று சண்டைபிடிக்க ஒருவருமில்லை.