மாமாவின் காதும் மலைக் காப்பியும்

என் அக்கா வீட்டுக்காரர் காப்பிக் கொட்டை வறுக்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கடை, ஒரே மெஷின். அதே கடையில் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டுகிறவன் நான். ருசியை எழுதுவதும் நான்தான்: ஆரஞ்சுத் தோல் புளிப்பு, தேன் இனிப்பு, கடைசியில் லேசாக பாதாம். எழுதுவது நான் என்றாலும் அந்த ஆரஞ்சைக் கொட்டைக்குள் காப்பாற்றி வைப்பது மாமா. இதை அவரிடம் சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவார் என்பதால் சொன்னதில்லை.

வறுக்கிறவருக்கு மூக்குதான் முக்கியம் என்று ஊரெல்லாம் நினைக்கிறது. மாமா காது என்பார். சூடு ஏறி ஒரு கட்டத்தில் கொட்டை பட்பட்டென்று வெடிக்கும். அதிலிருந்து ஒன்றரை நிமிஷத்தில் இறக்கினால் மீடியம் ரோஸ்ட். விளைந்த மலையின் ருசி அப்படியே நிற்கும். விட்டுவிட்டால் மலை போய் அடுப்பு மட்டும் மிஞ்சும்.

சமீபத்தில் இரண்டு மூட்டை கருகிப்போயின. கொட்டையில் ஈரம் என்றார் மாமா. மெஷின் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னால் என் கையிலிருந்து காலி டின் அடுக்கு சரிந்தது. தெருவில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மாமா திரும்பவில்லை.

நான் முன்னால் போய் நின்று, "மாமா, காது கேக்கலையா?" என்றேன்.

"கத்தாதடா!" என்று கத்தினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதலாளிக்குத் தெரிஞ்சா மெஷின்ல இருந்து இறக்கிடுவாரு. எனக்கு வேற வேலை தெரியாது. உங்க அக்காகிட்டயும் மூச்சு விடாத."

அவர் கண் கலங்கியதும் என் கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு காப்பித் தோட்டக்காரர் வந்து சேர்ந்தார். ஒரே மலையில் விளைந்த கொட்டை, மொத்தமே ஆறு மூட்டை. ஒரு மூட்டையைத் தன் கண்ணெதிரே வறுக்க வேண்டும், பிடித்தால் மீதியும் எங்கள் கடைக்குத்தான் என்றார். "இதையும் கருக்கினா மெஷின் பக்கமே வராதே" என்றார் முதலாளி. அது மட்டும் மாமாவுக்குத் தெளிவாகப் புரிந்தது.

நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். நான் எதிரில் நிற்பேன், வெடிச் சத்தம் வந்ததும் மூக்கைச் சொறிவேன். மறுநாள் மெஷின் சுற்ற ஆரம்பித்த உடனே என் மூக்கு அரிக்கத் தொடங்கியது. எட்டு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"டேய், ஐயாவுக்கு ஒரு நாற்காலி கொண்டா" என்றார் முதலாளி.

பின்கட்டில் நாற்காலியைத் தூக்கும்போது கேட்டது. பட். பட்பட். ஓடிவந்தேன், நாற்காலி கதவிடுக்கில் சிக்கிக்கொண்டது. அங்கே மாமா, என் மூக்கு இருக்க வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவுடன் அக்கா அப்போதுதான் வாசற்படி ஏறினாள். அவளுக்கு அந்தச் சத்தம் பழக்கம். "என்னங்க, வெடிக்குது!" என்றாள். மாமா அசையவில்லை. நாற்காலிக்கு அந்தப் பக்கம் நான் மூக்கை வெறிபிடித்தவன்போல் சொறிவதைப் பார்த்தாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய், மாமாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "வெ-டிக்-குது" என்றாள்.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் பார்த்து இறக்கினார். கொட்டை பழுப்பாக, ஒரே சீராக வந்து விழுந்தது.

தோட்டக்காரர் ஒரு வாய் குடித்தார், உடனே இன்னொரு வாய் குடித்தார். "பச்சைக் கொட்டையா வித்தே பழகிட்டேன். எங்க மலைக்குள்ள ஆரஞ்சு இருக்குன்னு எனக்கே தெரியாது" என்றார். முதலாளி மாமாவின் காதைப் பற்றி என்னவோ ஆரம்பித்தார். "காது கிடக்கட்டும். மீதி அஞ்சு மூட்டையையும் இவர்தான் வறுக்கணும். இல்லன்னா கொட்டை கிடையாது" என்று தோட்டக்காரர் முடித்துவிட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எத்தனை நாளா இப்படி?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"ஆறு மாசமா."

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றவள் சட்டென்று நின்றாள். "ஆறு மாசமாத்தானா? அப்போ அதுக்கு முந்தி, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், நான் கூப்பிட்டப்பல்லாம் திரும்பாம இருந்தீங்களே?"

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது.

"அப்பல்லாம் நல்லாக் கேட்டுச்சும்மா" என்றார்.