இலையோரத்து ஒரு கைச் சோறு

எழுபதுகளில் ஒரு மதியம், கூடலூர் டீக்கடை பெஞ்சில், குமுளி ஜீப்புக்குக் காத்திருந்த அவரைப் பார்த்தேன். அந்த வெயிலிலும் கழுத்தில் மப்ளர், கக்கத்தில் குடை. மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தவர், முதல் கைச் சோற்றை இலையோரம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டில் மட்டுமே உள்ள வழக்கம் அது.

“யாருக்குண்ணே அந்தச் சோறு?”

“வீட்ட விட்டுத் தூரத்துல இருக்கவகளுக்கு. எங்க பூட்டன் பழக்கிவிட்டது. அவுக கீழ எந்த ஊர்லருந்தோ ஒத்தையா மலையேறி வந்தாகளாம். அதனால எங்களுக்கு அங்கன ‘வந்தவர் வீடு’ன்னுதான் பேரு.”

“எங்களுக்கு ஊர்ல ‘ஓடிப்போனான் வீடு’ன்னு பேருண்ணே” என்றேன். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் பூட்டனின் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் போனவர். அவருக்காகத்தான் இன்னும் சோறு ஒதுக்குகிறோம் என்பதையும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, ஒதுக்கிய சோற்றை எடுத்து என் கையில் வைத்தார்.

“சாப்பிடுங்க தம்பி. அவுக பட்டினி கிடக்கலன்னு வீட்டுல சொல்லுங்க.”

ஜீப் வந்ததும் ஏறிப் போய்விட்டார், நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஓடிப்போனவரும் மலையேறி வந்தவரும் ஒரே ஆள்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாளும் இலையோரம் ஒரு கைச் சோறு இருந்தது.

“இது யாருக்கும்மா?”

“அந்த மப்ளர்காரவுகளுக்கு.”