கோன் இலை சிவந்த மலை

1993இல் கிறிஸ்தவர்களான எங்கள் தவக்காலமும் முஸ்லிம்களின் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்கின. அதனால் மெதின் போயா என்ற பௌர்ணமி விடுமுறையன்று மாத்தளையிலிருந்து புறப்பட்ட வேனில் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றுதான் இருந்தது. அதிலும் இறைச்சி இல்லை. அது எனக்கும் என் நாய்க்கும். வேன்காரர் மிளகு வியாபாரி, நோன்பாளி. நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன். அவருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததால் அவருக்கு நான் மாஸ்டர்.

நாங்கள் இலை பார்க்கப் போனோம். குளிர்நாட்டுக் காடுகள் சிவந்து பழுத்து உதிர்வதைப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறேன். அது நமக்கு வாய்க்காது என்றிருந்தபோதுதான் நானா சொன்னார்: பல்லேகமவுக்கு மேலே ஒரு மலைச்சரிவு முழுக்கக் கோன் மரங்கள். பங்குனி பிறக்கும் முன்னே சில நாட்கள் ரத்தச் சிவப்பாக நிற்கும், பிறகு பச்சையாகிவிடும். உதிரும் இலையல்ல, துளிர்தான். எனக்கு அதுவே போதும்.

1989இல் போக நினைத்தேன். கிளர்ச்சியும் கொலையுமாயிருந்த அந்த ஆண்டு மாத்தளையில் யாரும் தேவையில்லாமல் படலையைத் தாண்டவில்லை. 1991இல் போனேன், பிந்திவிட்டேன், மலை பச்சை. மறு ஆண்டு மழை முந்திக்கொண்டது. இப்போது சித்திரை விடுமுறை முடிந்ததும் பதுளைப் பக்கம் இடமாற்றம் என்று கடிதம் வந்திருந்தது. இந்த முறை தவறினால் தவறியதுதான்.

நாயை அழைத்துப் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் விகாரை. போயா நாளில் ஒலிபெருக்கியில் பிக்குகளின் பிரித் ஓதல் தொடங்கியதும் இவனும் தலையைத் தூக்கிக் கூடவே ஊளையிடுவான். போர் நடந்த அந்த ஆண்டுகளில் ஒரு தமிழ் வீட்டு நாய் அப்படிச் செய்வது நல்லதல்ல. ஆகவே ஒவ்வொரு போயாவுக்கும் அவனை எங்காவது கொண்டு போய்விடுவேன்.

"மாஸ்டர், இவன் பின்னுக்கே இருக்கட்டும். மூக்க இங்கால நீட்டினா நான் எறங்கி நடந்துருவேன்," என்றார் நானா.

"வேன் ஒங்கடது நானா."

"அதான் பாருங்க அநியாயத்த. நாய் வேன்ல போகும், நான் நடக்கணும்."

அவருடைய மார்க்கத்தில் நாயின் ஈரம் ஆகாது. எச்சில் பட்டால் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால்.

ரத்தோட்டை தாண்டியதும் சோதனைச் சாவடி. அடையாள அட்டைகளைப் பார்த்த இளம் சிப்பாய், எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். இலை பார்க்க என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னேன். இருவரும் சிரித்தார்கள். தன் ஊர் வில்கமுவ என்றும், அங்கே மாடுகூட அந்த இலையை அண்ணாந்து பார்க்காது என்றும் சொல்லிவிட்டு, அட்டையைத் திருப்பித் தரும்போது, "நேற்று அந்தப் பக்கம் மழை. சுணங்காமல் போங்கள்," என்றான். அதன் பிறகு வழியெல்லாம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பல்லேகமவில் ஒரு கடையோரம் வேனை விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். நாய் முன்னே ஓடி, திரும்பி வந்து, எங்களைச் சரிபார்த்து, மறுபடி ஓடியது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, வால்தான் இல்லை. வெயில் ஏறியது. மரத்துக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்தேன்.

"முன்னுக்கு வந்தே குடிங்க மாஸ்டர். நீங்க ஒளியிறதப் பார்த்தாத்தான் எனக்குத் தாகம் கூடுது."

பிறகு ஓடை வந்தது. மழைநீர் பாறைகளுக்கிடையே நுரைத்து ஓடியது. குறுக்கே ஒரே ஒரு மரம் போட்டிருந்தார்கள், கைப்பிடி இல்லை. ஓடைக்கு அப்பால் ஒரு திருப்பம், திருப்பத்துக்கு அப்பால் அந்தச் சரிவு. நாய் மரத்தை முகர்ந்து பார்த்தது, உட்கார்ந்துவிட்டது. கெஞ்சினேன், அதட்டினேன், பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். பருப்புக்காக உயிரை விட அது தயாராக இல்லை. தூக்கிக்கொண்டு இரண்டடி வைத்தேன். மரம் ஆடியது. பின்வாங்கினேன்.

"இங்கயே கட்டிட்டுப் போவமா?"

"கட்டினீங்கன்னா சிறுத்தைக்குப் பந்தி வச்ச மாதிரி," என்றார் நானா.

காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. இவ்வளவு கிட்டே வந்து நின்றுகொண்டிருந்தேன். "நீங்க மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க நானா," என்றேன்.

"நான் பார்த்து என்ன செய்ய? எனக்கு அது மரம்." அவர் ஓடையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். "தண்ணியும் கெடக்கு, மண்ணும் கெடக்கு. வாடா."

மிளகு மூட்டை தூக்குவது போல் ஒரே வீச்சில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நடுப்பாலத்தில் நன்றி மிகுந்த நாய் அவர் காதிலிருந்து தாடிவரை ஒரு முறை நக்கியது. நோன்பு வாய் என்பதால் உதடுகளை இறுக மூடிக்கொண்டு, கண்களையும் பாதி மூடிக்கொண்டு, அடி பிசகாமல் அக்கரை சேர்ந்தார். நான் குந்தியபடி நகர்ந்து நகர்ந்து பின்னால் போனேன்.

இறக்கி விட்டதும் முதல் சொல்: "இவன் பல்லு வெளக்கினவனா மாஸ்டர்?"

கரை மண்ணைக் குழைத்து முகத்திலும் தோளிலும் பூசினார். கழுவினார், எண்ணி எண்ணிக் கழுவினார். சட்டையையும் அதேபோல் கழுவி, பிழிந்து, ஈரத்தோடே போட்டுக்கொண்டார். பிறகு தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூ செய்து ஒரு தட்டைப் பாறையில் நண்பகல் லுஹர் தொழுதார். நான் நாயை இறுகப் பிடித்தபடி தூரத்தில் நின்றேன். அந்தத் திருப்பத்தை அவரில்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

தாண்டினோம்.

கீழ்ச்சரிவு மழையில் பச்சைக்கு மாறத் தொடங்கியிருந்தது. அதற்கு மேலே, மலையின் தோள்வரை, சிவப்பு. ஒரே சிவப்பல்ல: செம்புக் குடத்தின் நிறம், மாதுளை முத்தின் நிறம், வெற்றிலைச் சாற்றின் நிறம். துளிர்கள் ஈரத்துணி போலத் தொங்கின, வெயில் அவற்றினூடே புகுந்து வந்தது. காற்று அடித்தபோது மலை முழுவதும் ஒருமுறை புரண்டு படுத்தது. நாய் அதைப் பார்த்துக் குரைத்தது. நான் சத்தமாகச் சிரித்தேன், ஏன் என்று தெரியாமல், நிறுத்தவும் முடியாமல். அத்தனை ஆண்டுகள் வாசித்த வரிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

நானா இத்தனை காலம் இந்தப் பாதையில் மூட்டையோடு குனிந்தே நடந்தவர். ஒரு கல்லைத் துடைத்து உட்கார்ந்தார்.

"அந்த வெளிநாட்டுலயும் இப்பிடித்தானா மாஸ்டர்?"

"தெரியாது நானா, நான் போனதில்ல."

"அப்ப இதவிட நல்லா இரிக்காது."

நிழல் நீளத் தொடங்கியது. சாவடியைப் பொழுதோடு தாண்ட வேண்டும், நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைவூட்டினேன்.

"ஈச்சம்பழம் பையில இரிக்கி. நோன்ப எங்கயும் தொறக்கலாம்," என்றார் மலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போறப்ப எனக்கு இன்னொரு ஏழு கெடக்கு. அவசரப்படுத்தாம இருங்க."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், நாயை என் மறுபக்கத்தில் இருத்திக்கொண்டு.